மண்ணைக் குற்றஞ் சொல்லுமுன் ஒரு குழி தோண்டுவோம்

"இந்த மண் எங்கள ஏற்குதில்ல, பாதர்."

வரிப்பத்தான்சேனைப் பக்கத்து மேட்டுநிலத் துண்டொன்றில் நின்றுகொண்டு ஒரு தாய் எம்மிடம் கூறிய வார்த்தை இது. கடற்கரையோர ஊரொன்றில் பிறந்து, கலவரத்தில் ஒரு தடவையும் 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலையில் இன்னொரு தடவையும் எல்லாவற்றையும் விட்டு ஓடிய குடும்பம் அது. கடைசியாகக் கிடைத்தது அரை ஏக்கர் மேட்டுநிலம். சோளனும் கச்சானும் போட்டிருந்தார்கள். மழை நன்றாகவே பெய்தது. பெய்த நீர் இரண்டு நாள் வயலில் நிற்பதுபோலத் தேங்கி நின்றது. பின்னர் ஒரு வாரம் வெயில் எறித்தது. அவ்வளவுதான், சோளன் இலைகள் சுருண்டுவிட்டன. மழை பெய்தாலும் கெடுதி, பெய்யாவிட்டாலும் கெடுதி. காணியை விட்டுப் போய்விடுவதென்று அவர்கள் ஏறக்குறைய முடிவெடுத்திருந்தார்கள்.

நாம் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. ஒரு மண்வெட்டியும் அலவாங்கும் கேட்டோம். பக்கத்துக் காணிக்காரரான வயோதிபக் காக்கா ஒருவரும் கூட வந்தார். எல்லோருமாகச் சேர்ந்து மூன்றடி ஆழத்திற்கு ஒரு குழி தோண்டினோம்.

குழி சொன்ன கதை

மேலே ஒரு சாண் ஆழம் வரை மணற்பாங்கான கபிலநிற மண். மண்வெட்டி இலகுவாக இறங்கியது. அதன்கீழ் மண்வெட்டி துள்ளியது, அலவாங்கு 'டங்' என்று ஒலித்தது. குழியின் பக்கச் சுவரை ஒரு கத்தியால் சுரண்டிப் பார்த்தோம். சோளனின் வேர்கள் ஒரு சாண் வரை நேராக இறங்கி, அந்தக் கெட்டிப்படையைத் தொட்டதும் மடங்கிப் பக்கவாட்டில் ஓடியிருந்தன.

"பார்த்தியா மகள், வேர் இறங்கப் பாத்திருக்கு, கதவு பூட்டிக் கிடக்கு" என்றார் காக்கா. "எங்கட வாப்பா காலத்துல இதுல சேனதான் வெட்டின. ரெண்டு மூணு போகம் போட்டுட்டு காடா விட்டுருவாங்க."

இப்போது ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். இத்தகைய மணற்பாங்கான மண், ஒரு சென்ரிமீற்றர் ஆழத்தில் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் நீரையே பயிருக்காகப் பிடித்து வைக்கும். வேர் 20 சென்ரிமீற்றரில் நின்றுவிட்டால் பயிருக்குக் கிடைப்பது 20 மில்லிமீற்றர் நீர். நன்கு வளரும் சோளன் வெயில் நாளொன்றில் 5 மில்லிமீற்றர் வரை குடிக்கும். ஆகவே நான்கு நாட்களில் சேமிப்பு முடிந்துவிடும். அதே வேர் 60 சென்ரிமீற்றர் வரை இறங்குமானால் பன்னிரண்டு நாள் தாக்குப்பிடிக்கும். கச்சான் காற்று வீசும் காலத்தில் இந்த நாட்கள் இன்னும் குறையும். நான்கு நாளுக்கும் பன்னிரண்டு நாளுக்கும் உள்ள இடைவெளியில்தான் அந்தக் குடும்பத்தின் விளைச்சல் தொலைந்தது.

எமது மண்ணுக்கு என்ன பெயர்?

ஆண்டு மழை 1,750 மில்லிமீற்றருக்குக் குறைந்த பகுதியை உலர் வலயம் என்கிறோம். அம்பாறை அதற்குள் அடங்குவது. எமக்கு மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றுடன் ஒரு சில மாதங்களில் கொட்டிவிடுகிறது. எஞ்சிய காலம் பெரும்பாலும் காய்ச்சல்தான்.

இலங்கையின் மண்ணை விஞ்ஞான முறையில் பெருங் குழுக்களாக வகுத்தவர்கள் மூர்மன், பானபொக்க ஆகிய இரு அறிஞர்கள். அந்த வகுப்பு 1961 இல் வெளிவந்தது. 1972 இல் டி அல்விஸும் பானபொக்கவும் அதனை ஒரு கைந்நூலாக விரித்தெழுதினார்கள். இவ்வகுப்பின்படி உலர் வலயத்தில் மிகப் பரந்து கிடப்பது செங்கபில மண். எமது கிழக்குப் பகுதியில் அதற்கடுத்து அதிகமாகக் காண்பது கல்சியமற்ற கபில மண். படிகக்கல் நிறைந்த பாறைகள் உக்கி உண்டான மண் இது. ஆகவே மணல் அதிகம், சுண்ணாம்பு இல்லை, பசளையையும் நீரையும் பிடித்து வைக்கும் சக்தி குறைவு.

உலக வகுப்பு முறையில் இவ்விரண்டும் 'அல்ஃபிசோல்' என்னும் வரிசையைச் சேர்ந்தவை. அதன் கருத்து இதுதான்: ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பெய்த மழை, மேல்மண்ணிலிருந்த நுண்ணிய களியைக் கீழே கழுவிச் சென்று ஒரு படையில் சேர்த்திருக்கிறது. அந்தக் களி மண்ணின் துவாரங்களை அடைத்துக்கொள்கிறது. ஈரத்தில் இளகும், காய்ந்தால் இறுகும். இது எவரும் இட்ட சாபமல்ல, மண்ணின் வயது.

மேட்டிலிருந்து பள்ளத்திற்கு நடந்து பார்த்தால் மண் மாறுவதைக் காணலாம். மேட்டில் கபிலமாகவோ சிவப்பாகவோ இருக்கும் மண், பள்ளத்து வட்டையில் சாம்பல் நிறமாகிவிடும். அங்கே நீண்ட காலம் நீர் நிற்பதே காரணம். கடற்கரை மணலிலோ வட்டை வயலிலோ பழகிய கமக்காரன் மேட்டுக்கு வரும்போது, அவனுடைய அனுபவம் முழுவதும் வேறொரு மண்ணைப் பற்றியதாக இருக்கிறது. இடம்பெயர்ந்த எமது மக்கள் மேட்டில் தோற்பதற்குச் சோம்பல் காரணமல்ல. மண் மாறியதை எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

கெட்டி எல்லாம் ஒன்றல்ல

மண்ணுக்குள் கெட்டியாகிக் கிடக்கும் படையை வன்படை என்கிறோம். ஆனால் கெட்டி என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. காரணம் தெரியாமல் மருந்து செய்யக்கூடாது. இதோ வீட்டில் செய்யக்கூடிய ஒரு பரிசோதனை. கெட்டிப் படையிலிருந்து எலுமிச்சங்காய் அளவு கட்டியொன்றை எடுத்து நன்கு உலர்த்துங்கள். கண்ணாடிப் போத்தலொன்றில் மழைநீர் ஊற்றி, கட்டியை மெதுவாக இறக்கி ஓர் இரவு ஆட்டாமல் வையுங்கள்.

ஒன்று: கட்டி நொறுங்கிச் சரிந்து, மேலுள்ள நீர் தெளிவாக இருந்தால், அது காய்ந்து இறுகிய மண் அல்லது கலப்பை அமுக்கிய மண். குணப்படுத்தலாம்.

இரண்டு: கட்டியைச் சுற்றி நீர் பால்போலக் கலங்கி, மறுநாளும் தெளியாவிட்டால், அங்கே சோடிய உப்பு மிகுந்த களி இருக்கக்கூடும். சரிவின் அடியிலும் பள்ளத்திலும் திட்டுத் திட்டாக இப்படி அமையும். இதனை ஆழ உழுவதால் மட்டும் பயனில்லை. மண்ணைப் பரிசோதிக்கக் கொடுத்து, ஜிப்சம் இடுவது பற்றியும் வடிகால் வெட்டுவது பற்றியும் ஆலோசனை பெறுங்கள்.

மூன்று: கட்டி கரையாமல் கல்லாகவே கிடந்தால், அது சரளையோ, இரும்பு பிணைத்த கல்லோ, உக்கும் பாறையோ ஆகும். கலப்பையைக் கொண்டு இதனுடன் மல்லுக்கட்ட வேண்டாம். அங்கே மேல்மண்ணைக் காப்பதே வேலை.

உலகின் வேறு சில வரண்ட நாடுகளில் இந்த மூன்றாம் வகை மிக மோசமாக உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சான் வாக்கின் என்னும் மண்ணின் அடியில் சிலிக்கா பிணைத்த படை கிடக்கிறது. இரவு முழுவதும் ஊறினாலும் அது இளகாது. பழமரம் நடுவதற்காக ஒரு காலத்தில் அதனை வெடிமருந்து வைத்துப் பிளந்தார்கள். அதே மண்ணைத்தான் 1997 இல் அம்மாநிலத்தின் சின்னமாகவும் அறிவித்தார்கள்.

நாம் தோண்டிய குழியின் கட்டியோ விடியுமுன் நொறுங்கிக் கிடந்தது, நீரும் தெளிவாக இருந்தது. அந்தத் தாய் போத்தலைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

செய்யக் கூடியவை

உழவு இயந்திரம் வருடந்தோறும் ஒரே ஆழத்தில், அதிலும் ஈரத்தில் ஓடினால், கலப்பையின் அடியில் அமுங்கிய தட்டொன்று உண்டாகும். ஒருபிடி மண்ணை உருட்டிப் பெருவிரலால் அமத்துங்கள். உதிர்ந்தால் உழலாம். பசைபோல் நசிந்தால் பொறுத்திருங்கள்.

தமிழ்நாட்டு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இத்தகைய மண்ணுக்கு உளிக் கலப்பையைச் சிபாரிசு செய்கிறது. அரை மீற்றர் இடைவெளியில் முதலில் ஒரு திசையிலும் பின்னர் குறுக்காகவும், மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுதால் போதும். நிலம் உலர்ந்திருக்கும்போதே இதனைச் செய்யவேண்டும். ஈரத்தில் உளி கீறுமே தவிரப் படையை உடைக்காது. உடைத்த பின் எருவும் இடவேண்டும், இல்லாவிட்டால் படை மீண்டும் இறுகிவிடும். ஒரு குடும்பத்தால் முடியாத கூலியைப் பத்துக் குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளலாம்.

இயந்திரம் கிடைக்காதவர்கள் அலவாங்கால் நடுகுழிகளின் அடியை மட்டும் உடைத்து, சாணமும் மக்கிய இலையும் கலந்து நிரப்பலாம். மா, தென்னை நடும்போது மூன்றடிக் குழி வெட்டினால் மட்டும் போதாது. அடித்தளமும் உடைபடவேண்டும். இல்லாவிட்டால் மாரியில் குழி நீர்த்தொட்டியாகி வேர் அழுகும்.

துவரை, ஆமணக்கு போன்றவற்றின் ஆணிவேர் கலப்பை எட்டாத இடத்தையும் மெல்லத் துளைக்கும். வேலியிலும் வரிசைகளிலும் கிளிரிசிடியா நட்டு, அதன் தழையை வெட்டி மண்ணை மூடுங்கள். மூடிய மண் மழைத்துளியால் அடிபடாது, வெயிலில் இறுகாது. முன்பு சேனையைக் காடாக விட்ட ஆண்டுகளில் மரவேர்களும் சருகுகளும் செய்த வேலை இதுதான். அரை ஏக்கருக்குள் நிற்கும் நாம் காணியைக் காடாக விடமுடியாது. ஆகவே காட்டின் வேலையைக் காணிக்குள் கொண்டுவர வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: நெல் வயலில் இதே அமுங்கிய தட்டு எமது நண்பன். நீரை வயலில் நிறுத்தி வைப்பது அதுவே. மேட்டில் செய்த வைத்தியத்தை வட்டையில் செய்துவிடாதீர்கள்.

காணி பெறுவோருக்கு ஒரு வார்த்தை

நாட்டின் மண் வரைபடத்தில் உங்கள் அரை ஏக்கர் ஒரு புள்ளியளவு கூட இல்லை. வரைபடம் ஊரின் மண்ணைச் சொல்லும், உங்கள் மண்ணைச் சொல்லாது. ஆகவே காணி காட்டப்படும் நாளிலேயே அலவாங்குடன் போங்கள். மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் தோண்டுங்கள். எத்தனை அங்குலத்தில் கெட்டி தட்டுகிறது, நிறம் என்ன, வேர் எங்கே நிற்கிறது என்று கொப்பியில் எழுதுங்கள். விவசாயப் போதனாசிரியரிடம் அந்தக் கொப்பியைக் காட்டிப் பேசுங்கள். ஒப்பமிடுமுன் கேட்கும் கேள்விக்கு இருக்கும் பலம், பின்னர் செய்யும் முறைப்பாட்டுக்கு இருப்பதில்லை.

அந்தக் குடும்பம் போகவில்லை. அடுத்த பெரும்போகத்தில் காணியின் பாதியை மட்டும் அலவாங்கால் உடைத்து, தழை போட்டு, சோளன் வைத்தார்கள். மற்றப் பாதியை வழமைபோல விட்டார்கள். மழை பத்து நாள் பொய்த்தபோது ஒரு பாதி சுருண்டது, மறுபாதி நின்றது. கச்சான் இன்னும் சரிவரவில்லை. நாம் போனபோது அந்தத் தாய் மண் எங்களை ஏற்கவில்லை என்று சொல்லவில்லை. "மத்தப் பாதிக்கும் அலவாங்கு வேணும், பாதர்" என்றார்.