காலனியக் காலச் சிற்றூர்களில் சீமைச் சரக்குகளும் வேளாண் இடுபொருள்களும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1947 வரை, சென்னை மாகாணத்துச் சிற்றூர்களுக்கு வெளியிலிருந்து பல புதிய பொருள்கள் விற்பனைக்கு வந்தன. ஆலைத்துணி, மண்ணெண்ணெய், தீப்பெட்டி, அலுமினியப் பாத்திரம் ஆகியவை வீட்டுக்கு வந்தவை. இரும்புக் கலப்பை, உரம், தேர்ந்த விதை, இறைவை எந்திரம் ஆகியவை வயலுக்கு வந்தவை. இவற்றுள் பலவற்றை மக்கள் ‘சீமைச் சரக்கு’ என்றே அழைத்தனர். சீமை என்ற சொல்லுக்கு நாடு, எல்லை என்பன பழைய பொருள்கள். பின்னாளில் அது இங்கிலாந்தையும் பொதுவாக மேலைநாடுகளையும் குறித்தது. சீமை எண்ணெய், சீமை ஓடு, சீமை உரம் போன்ற வழக்குகள் அவ்வாறு பிறந்தன.

சில்லறைக் காசுக்குக் கிடைத்த வீட்டுப் பொருள்கள் விரைவாகப் பரவின. விளைச்சலைப் பெருக்கக்கூடிய வேளாண் பொருள்கள் மெதுவாகவே வந்தன. காலனியக் காலச் சிற்றூர்ப் பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு முக்கியமானது.

சரக்கு வந்த வழி

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் ஐரோப்பாவிலிருந்து கப்பல் வரும் காலமும் செலவும் குறைந்தன. துறைமுகத்தில் இறங்கிய சரக்கு ரயிலில் நகரத்து மொத்த வணிகரிடம் சென்றது. அங்கிருந்து மாட்டுவண்டியில் வாரச்சந்தைக்கும் ஊர் மளிகைக் கடைக்கும் போய்ச் சேர்ந்தது. அதே வண்டிகளும் ரயில்களும் நிலக்கடலை, பருத்தி, எண்ணெய் வித்துகள் ஆகியவற்றைத் துறைமுகத்துக்குக் கொண்டுசென்றன.

வீட்டுக்கு வந்த பொருள்கள்

உப்பு சிற்றூர்களுக்குப் புதியதன்று. ஆயினும் கிழக்கிந்தியக் கம்பெனி 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் தனியுரிமையாக்கிக்கொண்டதால், கடற்கரை ஊர்களில் வாழ்ந்தவர்கள்கூட வரியுடன் சேர்த்து விலை கொடுத்தே அதை வாங்க வேண்டியதாயிற்று. 1888இல் மணங்கு ஒன்றுக்கு இரண்டரை ரூபாயாக இருந்த உப்பு வரி, 1907இல் ஒரு ரூபாயாகக் குறைந்தது. ஏழையும் செல்வரும் ஒரே அளவில் செலுத்திய வரி இது. 1930இல் இராஜாஜி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு நடைப்பயணம் நடந்ததற்கு இதுவே பின்னணி.

விளக்கெரிக்க முன்பு ஆமணக்கு, இலுப்பை, புங்கம் ஆகியவற்றின் எண்ணெயைப் பயன்படுத்தினர். 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அமெரிக்காவிலிருந்தும் ரஷ்யாவின் பாகு பகுதியிலிருந்தும் மண்ணெண்ணெய் வந்தது. 1886இல் தொடங்கப்பட்ட பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெயும் பின்னர் சேர்ந்துகொண்டது. தகர டின்களில் வந்த மண்ணெண்ணெயைக் கடைக்காரர் சிறிய அளவுகளில் அளந்து விற்றார். காலி டின்னும் வீணாகவில்லை. தண்ணீர் சுமக்கவும் தானியம் கொட்டி வைக்கவும் அது பயன்பட்டது. தகரத்தை வெட்டிச் சிறு விளக்குகளும் செய்தனர். புதிய எண்ணெய் மலிவாகவும் வெளிச்சம் மிக்கதாகவும் இருந்தது. ஆனால் செக்கில் வித்தை ஆட்டினால் எண்ணெயுடன் பிண்ணாக்கும் கிடைக்கும். அது மாட்டுக்கோ வயலுக்கோ போகும். மண்ணெண்ணெயால் அத்தகைய துணைப்பயன் ஏதுமில்லை.

தீப்பெட்டிகள் முதலில் சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தன. 1920களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் அத்தொழிலைத் தொடங்கினர். இவ்வாறு சீமைச் சரக்கு ஒன்று உள்ளூர்ச் சரக்காக மாறியது.

துணியில் நிலைமை சிக்கலானது. லங்காஷயர் ஆலைத்துணி கைத்தறியின் சந்தையைக் குறைத்தது. எனினும் கைத்தறி முற்றிலும் அழியவில்லை. நெசவாளர்கள் ஆலை நூலை வாங்கி நெய்து தொழிலைக் காத்துக்கொண்டனர். அந்த மாற்றத்தில் பெரும் இழப்புக்கு ஆளானவர்கள் வீட்டில் கையால் நூல் நூற்ற பெண்கள்.

அலுமினியப் பாத்திரத் தொழிலை ஆல்பிரட் சாட்டர்டன் 1898இல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் தொடங்கிவைத்தார். பித்தளையை விட மலிவும் எடைக் குறைவும் அப்பாத்திரங்களைப் பரவச் செய்தன. ஆனால் பித்தளை, வெண்கலப் பாத்திரங்கள் பஞ்ச காலத்தில் அடகு வைக்கவும் எடைக்கு விற்கவும் உதவிய சேமிப்பாக இருந்தன. அலுமினியம் அந்த இடத்தை நிரப்பவில்லை.

வயலுக்கு வந்த பொருள்கள்

1860களில் சென்னை அரசு சைதாப்பேட்டையில் சோதனைப் பண்ணை அமைத்து, மேலைநாட்டுக் கலப்பைகளையும் நீராவி உழுகருவிகளையும் வரவழைத்துச் சோதித்தது. அவை உழவர்களிடம் பரவவில்லை. இதை உழவரின் பிடிவாதம் என்று அதிகாரிகள் பலர் கருதினர். 1889இல் இந்தியாவுக்கு வந்து ஆய்வு செய்த வேளாண் வேதியியலாளர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் வேறு முடிவுக்கு வந்தார். இந்திய உழவர் பொதுவாகத் திறமையானவர் என்றும், அவருக்கு வசதிகளே குறைவு என்றும் 1893இல் வெளியான தம் அறிக்கையில் எழுதினார்.

மறுப்புக்குக் காரணங்கள் தெளிவானவை. கனமான இரும்புக் கலப்பையை இழுக்க வலுவான மாடுகள் வேண்டும். மரக் கலப்பை பழுதானால் ஊர்த் தச்சரும் கொல்லரும் சரிசெய்து, அறுவடைக் களத்தில் தானியமாகக் கூலி பெறுவர். இறக்குமதிக் கலப்பையின் பாகம் உடைந்தால் ரொக்கமும் வேண்டும், பாகமும் கிடைக்க வேண்டும்.

தேவைக்குப் பொருந்திய கருவியை உழவர்கள் ஏற்றனர் என்பதற்குச் சென்னை மாகாணத்துக்கு வெளியே ஒரு சான்று உண்டு. பீகாரின் பிகியா என்ற ஊரில் தாம்சன், மில்ன் என்னும் இருவரின் நிறுவனம் 1870களில் மாடு பூட்டி ஓட்டும் இரும்புக் கரும்பாலையைச் செய்தது. பழைய கல் செக்கில் கரும்பைத் துண்டு துண்டாக நறுக்கிப் போட வேண்டும். புதிய ஆலையில் முழுக் கரும்பையே கொடுக்கலாம். முழு விலை கொடுக்க முடியாதவர்கள் பருவத்துக்கு வாடகைக்கு எடுக்கவும் வழியிருந்தது. அதனால் அது வட இந்தியாவில் வேகமாகப் பரவியது.

உரம், விதை

தென்னிந்தியாவின் எலும்பும் எண்ணெய் வித்துகளும் ஏற்றுமதியாவதால் மண்ணின் சத்து வெளியேறுகிறது என்ற கவலை அக்காலத்திலேயே எழுந்தது. மறுபுறம், 1906இல் இராணிப்பேட்டையில் பாரி நிறுவனம் ஆண்டுக்கு 6,000 டன் திறனுள்ள சூப்பர் பாஸ்பேட் ஆலையை அமைத்தது. இதுவே இந்திய உரத் தொழிலின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. ஆனால் விலைக்கு உரம் வாங்கும் வசதி முதலில் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கே இருந்தது. சிறு உழவருக்குச் சாணமும் தழையும் ஆட்டுக்கிடையும்தான் உரம்.

விதையின் கதை வேறு. கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1921இல் வெளியான ஜி.இ.பி. 24 என்னும் நெல் வகை பரவலாகப் பயிரிடப்பட்டது. ஒருமுறை வாங்கினால் அடுத்த ஆண்டுக்கான விதையை உழவர் தாமே எடுத்து வைத்துக்கொள்ளலாம். புதிய கருவியோ ஆண்டுதோறும் கடனோ தேவையில்லை.

கடன் என்னும் தடை

நிலவரியைப் பணமாகச் செலுத்த வேண்டும். அதன் தவணை வரும் நேரத்தில் விளைச்சலைக் குறைந்த விலைக்கு விற்கவோ கடன் வாங்கவோ உழவர் தள்ளப்பட்டார். பல ஊர்களில் கடன் கொடுப்பவரும் விளைச்சலை வாங்குபவரும் சரக்கு விற்பவரும் ஒருவரே. 1883, 1884ஆம் ஆண்டுகளின் கடன் சட்டங்கள் கிணறு வெட்டவும் மாடு, விதை வாங்கவும் அரசுக் கடனுக்கு வழி செய்தன. அதன் அளவு தேவைக்குப் போதவில்லை. பிரடெரிக் நிக்கல்சனின் அறிக்கையைத் தொடர்ந்து 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு திரூரில் ஒரு வேளாண் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது.

1930இல் மாகாண வங்கி விசாரணைக் குழு, சென்னை மாகாணத்தின் ஊரகக் கடனைச் சுமார் 150 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. அக்காலத்தில் உலகப் பெருமந்தத்தால் விளைபொருள் விலை சரிந்திருந்தது. கடனின் தொகையோ குறையவில்லை. கடன்பட்ட உழவர்களுக்கு நிவாரணம் அளிக்கும் சட்டம் 1938இல் நிறைவேறியது.

விளைவு

தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் சிற்றூர் வாழ்வின் உழைப்பைக் குறைத்தன. அதே வேளையில், முன்பு ஊருக்குள்ளேயே கிடைத்த பலவற்றுக்கு ரொக்கம் தேவைப்பட்டது. அந்த ரொக்கத்தை ஈட்ட உதவும் கலப்பை, உரம், இறைவை எந்திரம் ஆகியவை கடன் வசதி இல்லாத சிறு உழவருக்கு எட்டாமலே இருந்தன. விடுதலைக்குப் பின் கூட்டுறவுச் சங்கங்கள் வழியே கடனையும் இடுபொருள்களையும் ஒன்றாக வழங்கும் முறை விரிவாக்கப்பட்டது இந்தக் குறையை ஈடுசெய்யவே.