சிறு சுரப்பியும் பெருங் கொதிப்பும்

இரத்தக் கொதிப்பு என்னும் பெயரைக் கேள்வியுறாத அங்கத்தினர் இன்று இலர். பெரும்பாலோருக்கு அதற்குத் தனியொரு காரணம் காட்ட இயலாது. வயது, பரம்பரை, உப்பு, உடற்பருமன் முதலியன கூடி அதனை விளைவிக்கின்றன. ஆனால் மிகச் சிலருக்கு ஒரு கட்டியே காரணமாகிறது. அதனைக் கண்டறிந்து அகற்றினால் கொதிப்பும் பெரும்பாலும் தணியும். காணாது விடின் உயிருக்கே அபாயம். ஆகவே அந்நோயைப் பற்றி இங்கு விளக்கப் புகுகின்றோம்.

சுரப்பியும் கட்டியும்

நம் சிறுநீரகம் ஒவ்வொன்றின் உச்சியிலும், தொப்பி கவிழ்த்தாற்போல, அட்ரினல் என்னும் சுரப்பி அமைந்துள்ளது. அதன் எடை சுமார் 5 கிராமே. அதன் உட்பகுதி அட்ரினலின், நார்அட்ரினலின் என்னும் நீர்களைச் சுரக்கிறது. பாம்பைக் கண்டு திடுக்கிடுங்கால் நெஞ்சு படபடப்பதும் மேனி வியர்ப்பதும் இவற்றின் செயலே. அபாயம் நீங்கியதும் சுரப்பு அடங்கிவிடும். அவ்வுட்பகுதியில் ஃபியோகுரோமோசைட்டோமா என்னும் கட்டி தோன்றினாலோ, பாம்பு இல்லாமலே அந்நீர்கள் பெருகிப் பாயும். ஆண்டொன்றுக்குப் பத்து லட்சம் மக்களில் சுமார் 2 முதல் 8 பேருக்கே இது கண்டறியப்படுகிறது.

அறிகுறிகள்

கடுந் தலைவலி, மிகுந்த வியர்வை, நெஞ்சுப் படபடப்பு ஆகிய மூன்றும் திடீரென ஒருசேரத் தோன்றிச் சிறிது நேரத்தில் தணிவது இதன் முக்கிய அடையாளம். முகம் வெளிறுவதும் உண்டு. இடைப்பட்ட வேளைகளில் சிலருக்குக் கொதிப்பு சரியான அளவிலேயே இருக்கும். ஆதலின் வைத்தியரிடம் செல்லும்போது ஒன்றும் புலப்படாது. "பயந்த கோளாறு" என்று சுற்றத்தார் மந்திரிக்க அழைத்துச் செல்வர். இளம் வயதிலே வரும் கொதிப்பும், பல மருந்துகளுக்கும் அடங்காத கொதிப்பும் ஐயத்துக்கு இடமானவை.

சோதனைகள்

ஒரு நாள் ஒரு வேளையில் ரொக்கக் கையிருப்பை எண்ணிச் சங்கத்தின் நிலையை முடிவு கட்ட இயலுமா? அதுபோன்றே ஒரு முறை கொதிப்பை அளந்து இக்கட்டியை அறிய இயலாது. சுரந்த நீர்கள் சிதைந்து மெட்டாநெஃப்ரின் என்னும் பொருள்களாகின்றன. சாம்பலைக் கண்டு எரிந்த விறகை மதிப்பிடுவது போல, இரத்தத்திலோ 24 மணி நேரம் சேகரித்த சிறுநீரிலோ இவற்றை அளந்து நோயை அறிவர். அளவு மிகுந்திருப்பின், ஸி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மூலம் கட்டி இருக்கும் இடத்தைக் காண்பர். இச்சோதனைக்கு முன் கட்டியில் ஊசியிட்டுச் சதை எடுத்தல் அபாயமாகும்.

சிகிச்சை

கட்டியைச் சஸ்திர சிகிச்சையால் அகற்றுவதே பரிகாரம். 1926-ஆம் ஆண்டில் லோசானில் ரூ என்பாரும், அமெரிக்காவில் சார்லஸ் மேயோ என்பாரும் இதனை வெற்றியுடன் செய்தனர். 1992 முதல் சிறு துளைகள் வழியே அகற்றும் முறையும் வழக்கில் உள்ளது.

ஆயினும் கத்தியைக் காட்டிலும் முன்னேற்பாடே முக்கியம். கட்டியைத் தொட்டமாத்திரத்தில் சுரப்பு பீறிட்டுக் கொதிப்பு வானளாவ ஏறக்கூடும். எனவே 7 முதல் 14 நாட்கள் முன்பிருந்தே இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் ஆல்ஃபா தடை மருந்துகளைக் கொடுத்து, உப்பும் நீரும் தாராளமாக உட்கொள்ளச் செய்வர். படபடப்பை அடக்கும் பீட்டா தடை மருந்து அவற்றிற்குப் பின்னரே. முந்திக் கொடுத்தால் குழாய்கள் மேலும் இறுகும். பாவு முறுக்கேறி நிற்கும்போது வெட்டாது தளர்த்திய பின்னரே வெட்டுவது போன்றது இது.

குடும்பத்தாரும் கவனிக்க

ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் 18 வயதுப் பெண் ஒருத்தி திடீரென இறந்தாள். இரு அட்ரினல் சுரப்பிகளிலும் கட்டி இருந்தமையை 1886-இல் ஃபெலிக்ஸ் ஃபிரேங்கல் எழுதி வைத்தார். 2007-இல் அவளுடைய வம்சத்தாரைச் சோதித்தபோது, ரெட் என்னும் மரபணுவின் பிழை அவர்களிடையே காணப்பட்டது. நோயாளிகளில் மூவரில் ஒருவருக்கேனும் இவ்வாறு பரம்பரைத் தொடர்பு உண்டு. எனவே நோயாளி மட்டுமன்றி, வைத்தியர் கூறின் உடன்பிறந்தாரும் மக்களும் சோதனை செய்துகொள்ளுதல் வேண்டும். கட்டி மீண்டும் தோன்றவும் கூடுமாதலால் ஆண்டுதோறும் பரிசோதனை அவசியம்.

சாதாரணக் கொதிப்புடையோர் வீணே அஞ்சித் தம் மருந்தை நிறுத்தலாகாது. மேற்சொன்ன மூன்று அறிகுறிகளும் உடையோர், அவை தோன்றிய நாளையும் நேரத்தையும் தாளில் குறித்து, பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியரிடம் காட்டுவார்களாக. அக்குறிப்பே வைத்தியருக்குப் பெருந்துணையாகும்.