வாத்தியக் குழந்தைகளுடன் சீன தேசத்தில்

பிறர் பெற்ற பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அயல்நாடு செல்வது எத்துணைப் பெரிய பொறுப்பு என்பது புறப்படும் வரையில் எங்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், டில்லியில் மேனாட்டுச் சங்கீதம் பயிலும் சிறுவர் சிறுமியர் 23 பேர் அடங்கிய தந்தி வாத்தியக் குழு ஒன்றினைப் பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும் கச்சேரி செய்ய அழைத்திருந்தார்கள். எங்கள் மகளும் அக்குழுவில் வயலின் வாசிப்பவள். குழுவை நடத்தும் ஆசிரியருக்குத் துணையாகப் பெற்றோரில் நால்வர் வேண்டும் என்றபோது, தம்பதியாக நாங்கள் இருவரும் பெயர் கொடுத்தோம். ஊர் பார்க்கலாம் என்னும் ஆசை அதில் பாதி என்பதை மறைப்பானேன்?

அந்தப் பத்து நாட்களில் நாங்கள் கண்டு களித்ததும் உண்டு, கற்றுக்கொண்டதும் உண்டு, பிழை செய்து தவித்ததும் உண்டு. 2020-இல் நின்றுபோன இந்திய சீன நேர் விமானப் போக்குவரத்து 2025 அக்டோபரில் மீண்டும் தொடங்கியிருக்கிறது. நம் சங்கத்துக் குடும்பங்களில் யாரேனும் இத்தகைய பொறுப்பை இனி ஏற்க நேரலாம். அவர்களுக்குப் பயன்படட்டும் என்றே இதனை எழுதுகிறோம்.

பெட்டிகளும் பிருடைகளும்

வாத்தியக் குழுவுடன் செல்பவர்களுக்கு முதற்கவலை பிள்ளைகளல்ல, பெட்டிகள். வயலினும் வயோலாவும் கையோடு வரும். செல்லோவைக் கையோடு கொண்டுசெல்ல வேண்டுமானால் அதற்கும் ஒரு பிரயாணியைப் போலத் தனி இருக்கை வாங்கியாக வேண்டும். இல்லையேல் கெட்டிப் பெட்டியில் வைத்துச் சாமான் அறையில் ஏற்றிவிட்டுக் கடவுளை வேண்டிக்கொள்ள வேண்டும். நாங்கள் இரண்டாவதைச் செய்தோம். ஆள் உயரத்திற்கு மேல் நிற்கும் டபிள் பாஸ் இரண்டை மட்டும் ஆங்காங்கே எங்களை அழைத்தவர்களே இரவல் தந்தார்கள். ஆகவே 23 குழந்தைகளுக்கு 21 பெட்டிகள். இந்தக் கணக்கை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம், பின்னால் வரும்.

திரும்பி வரும்போது புதிதாக வாங்கிய பொருள் என்று சுங்கத்தார் ஐயுறாதிருக்க, புறப்படும்போதே வாத்தியங்களின் பட்டியலைக் காட்டிச் சான்று பெற்றுக்கொண்டோம். வில்லின் நுனியிலோ வேறு உறுப்பிலோ தந்தம், ஆமையோடு முதலியவை உள்ள பழைய வாத்தியங்களுக்கு உலக நாடுகளின் வனவிலங்குப் பாதுகாப்பு ஒப்பந்தப்படி தனி அனுமதி தேவை. அத்தகைய பழைய வில் ஒன்றினை வீட்டிலேயே விட்டுவரும்படி ஆசிரியர் ஒரு மாணவியிடம் சொல்லிவிட்டார். பாட்டனார் தந்த வில்லாம்; அவள் கண்கலங்கினாள். ஆயினும் எல்லையில் பறிகொடுப்பதைவிட அது மேல்.

டில்லியின் ஜூன் மாத வெப்பம் நாம் அறிந்ததே. பெய்ஜிங்கிலும் வறண்ட வெயில்தான். ஷாங்காயிலோ அம்மாதத்தின் நடுவில் விடாத தூறல் தொடங்கிவிடுகிறது. அதனை ‘மெய்யூ’ என்கிறார்கள். பிளம் பழம் கனியும் காலத்து மழை என்பது பொருள். உலர்ந்த காற்றில் மரம் சுருங்கிப் பிருடை நழுவும். ஈரக்காற்றில் மரம் ஊறிப் பிருடை இறுகிவிடும். ஒரே வாரத்தில் இவ்விரண்டையும் அந்த வாத்தியங்கள் தாங்கின. ஷாங்காயில் முதல்நாள் சுருதி சேர்ப்பதற்கே முக்கால் மணி நேரம் சென்றது.

கஞ்சியும் வெந்நீரும்

குழுவில் சைவ உணவுக்காரர் ஒன்பது பேர். ‘வோ ச்சீ சூ’, அதாவது ‘நான் சைவம் உண்பவன்’ என்னும் வாக்கியத்தை விமானத்திலேயே அவர்களுக்குப் பாடம் செய்வித்தோம். சொன்னால் புரிந்துகொள்கிறார்கள், எனினும் கீரையை வதக்கும் சட்டியில் இறைச்சிச் சாறு கொஞ்சம் விழுவதை அவர்கள் பெரிதாக நினைப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு வேளையும் சமையலறை வரையில் சென்று கேட்டு வருவது எங்கள் வேலையாயிற்று. காலை வேளையில் அந்தக் கவலை இல்லை. வெள்ளை அரிசியைக் குழைய வேகவைத்த கஞ்சி விடுதிதோறும் கிடைத்தது. சீனர் அதனை ‘ச்சோ’ என்கிறார்கள். ஆங்கிலேயர் அதற்கு வழங்கும் பெயரோ நம் ‘கஞ்சி’ என்ற தமிழ்ச் சொல்லிலிருந்தே பிறந்தது. இதனைச் சொன்னதும், வீட்டில் கஞ்சியைக் கண்டால் முகம் சுளிக்கும் எங்கள் மகள் இரண்டு கிண்ணம் குடித்தாள்.

குடிப்பதற்கு எங்கும் வெந்நீர்தான். ரயில் நிலையத்திலும் ரயில் வண்டிக்குள்ளும் வெந்நீர்க் குழாய் வைத்திருக்கிறார்கள். வயிற்றுக் கோளாறு ஒருவருக்கும் வராததற்கு அதுவே காரணம் என்று நம்புகிறோம்.

பெய்ஜிங்கில் ஒரு பள்ளி மண்டபத்தில் கச்சேரி நன்றாகவே நடந்தேறியது. நெடுஞ்சுவரையும் பார்த்தோம். பிள்ளைகளை வாய்பிளக்கச் செய்தது தேசியக் கலையரங்கம். 2007-இல் திறக்கப்பட்ட அதனை வகுத்தவர் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பால் ஆந்த்ரூ. டைட்டானியமும் கண்ணாடியும் வேய்ந்த பெருங்கூடு நீரின் நடுவே நிற்கிறது. நீருக்கு அடியிலுள்ள வழியாக உள்ளே செல்லவேண்டும். ஊரார் அதற்கு இட்ட பெயர் ‘முட்டை’.

கையில் மிஞ்சிய சீட்டு

ஆறாம் நாள் பெய்ஜிங்கின் தெற்கு ரயில் நிலையத்திலிருந்து ஷாங்காய்க்குப் புறப்பட்டோம். இரு நகரங்களுக்கும் இடையே 1318 கிலோமீட்டர்; 2011-இல் அமைந்த அதிவேக இருப்புப் பாதையில் விரைவான வண்டிகள் ஏறக்குறைய நாலரை மணி நேரத்தில் அதனைக் கடந்துவிடுகின்றன. நிலையத்தின் காத்திருப்பு மண்டபம் நீள்வட்டமாகப் பரந்து கிடக்கிறது. எப்பக்கம் திரும்பினாலும் ஒன்றுபோல் வாயில்கள். வண்டி புறப்படுவதற்குச் சில நிமிஷங்களுக்கு முன்பே வாயிலை அடைத்துவிடுவார்கள்.

அக்காலத்தில் காகிதச் சீட்டு; அவரவர் பாஸ்போர்ட் எண் அதில் அச்சிட்டிருக்கும். பிள்ளைகள் தொலைத்துவிடுவார்கள் என்று அஞ்சி, பாஸ்போர்ட்டுகளையும் சீட்டுகளையும் நாங்களே வைத்துக்கொண்டோம். வாயில் திறக்குமுன் பெட்டிகளை எண்ணினோம். 21 சரியாக இருந்தது. மனம் நிறைந்து, ஒவ்வொரு குழந்தையாக வாயிலில் விட்டுச் சீட்டைக் கொடுத்துவந்தோம். கடைசிக் குழந்தையும் சென்ற பிறகு எங்கள் கையில் ஒரு சீட்டு மிஞ்சியது.

வயோலா வாசிக்கும் 13 வயதுச் சிறுவன் இல்லை. எங்கள் குடியிருப்பிலேயே வசிக்கும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. எங்களை மாமா, மாமி என்று அழைப்பவன். அவனுடைய பெட்டியை அவன் நண்பன் சுமந்துகொண்டிருந்தான். பெட்டிகளை எண்ணிய நாங்கள் தலைகளை எண்ணவில்லை.

அந்த நிமிஷத்தில் தோன்றிய நடுக்கத்தை எழுத்தில் கொண்டுவர இயலாது. அவனிடம் பாஸ்போர்ட் இல்லை, சீட்டு இல்லை, தொலைபேசி இல்லை, பாஷையும் தெரியாது. மற்ற 22 பேரைத் தடுத்து நிறுத்துவதா, அனுப்புவதா? வாயிலை அடைக்க மூன்று நிமிஷமே இருந்தது. எங்களில் ஒருவர் பின்தங்குவது, மற்றவர் குழந்தைகளுடன் செல்வது என்று கண்ணாலேயே முடிவு செய்துகொண்டோம். சீன மொழி அறிந்த எங்கள் துணைவி, ஒரு கல்லூரி மாணவி, முன்னதாகவே பிள்ளைகளுடன் மேடைக்கு இறங்கிவிட்டாள். வண்டி போயிற்று.

எங்களில் பின்தங்கியவர் மண்டபத்தை இருமுறை சுற்றி வந்தார். மூன்றாம் சுற்றில் கைத்தொலைபேசி ஒலித்தது. ஓடும் வண்டியிலிருந்து அந்த மாணவி பேசினாள்: “பையன் விசாரணை மேஜையில் இருக்கிறான். பயப்படாதீர்கள்.”

நடந்தது இதுதான். பெட்டிகளைச் சோதிக்கும் இயந்திரத்தருகே தன்னுடைய இசைக்குறிப்புத் தாள்களை விட்டுவிட்டதை அவன் காத்திருக்கும்போது உணர்ந்திருக்கிறான். ஒருவரிடமும் சொல்லாமல் திரும்பி ஓடி எடுத்துவிட்டான். வரும்போது வாயில் அடையாளம் தெரியவில்லை. புறப்பட்ட நாளன்று ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப் பையிலும், குழுவின் பெயரும் அந்த மாணவியின் தொலைபேசி எண்ணும் சீன எழுத்தில் எழுதிய அட்டை ஒன்றை வைத்திருந்தோம். தரை துடைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் அவன் அதை நீட்டியிருக்கிறான். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவன் கையைப் பிடித்து அழைத்துச் சென்று, அங்கிருந்த அதிகாரியிடம் விட்டிருக்கிறாள். நாங்கள் கண்டபோது காகிதக் குவளையில் வெந்நீர் வைத்துக்கொண்டு, தாள்களை மார்போடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தான். வண்டி போன 40 நிமிஷத்திற்குள் இவ்வளவும் நடந்துவிட்டது. அந்த அம்மாளைத் தேடினோம், கூட்டத்தில் மறைந்துவிட்டாள்.

சீட்டுகளை அன்றே வேறொரு வண்டிக்கு மாற்றிக் கொடுத்தார்கள். நெடுநேரம் பேசாதிருந்த பையன், நான்ஜிங் தாண்டிய பிறகு, “எல்லோரும் என்மேல் கோபமாக இருப்பார்களா மாமா?” என்று கேட்டான். “கோபப்பட வேண்டுமானால் எங்கள்மேல் கோபப்படட்டும். எண்ண வேண்டியவர்கள் நாங்கள்” என்று மட்டுமே சொல்ல முடிந்தது.

சொல்வதா, மறைப்பதா?

டில்லியில் நாம் வழக்கமாகச் செய்தி அனுப்பும் வாட்ஸப் சீனத்தில் இயங்குவதில்லை. ஆகவே இரவில் ஒருமுறை டில்லிக்குத் தொலைபேசியில் பேசுவோம்; அங்கிருந்து ஒருவர் எல்லாப் பெற்றோருக்கும் தெரிவிப்பார். அன்றிரவு, ‘அனைவரும் நலமாக ஷாங்காய் வந்து சேர்ந்தோம்’ என்று சொல்லிவிட்டால் அதில் பொய் ஒன்றும் இல்லை. அப்படியே விட்டுவிடலாம் என்று எங்களில் ஒருவருக்குத் தோன்றியதும் உண்மை. மற்றவர் இசையவில்லை. “நம் பெண் தொலைந்திருந்தால் நமக்குத் தெரிய வேண்டாமா?” என்ற கேள்விக்கு மறுமொழி கிடையாது.

பையனின் தாயாரை நேரே அழைத்து, நடந்ததை ஒளிக்காமல் கூறி, பிழை எங்களுடையது என்றும் சொன்னோம். மறுமுனையில் சற்று நேரம் மௌனம். பிறகு அவர் கேட்டது ஒன்றே: “சாப்பிட்டானா?”

சாப்பிட்டிருக்கவில்லை. அப்போதுதான் அது எங்களுக்கே உறைத்தது.

குடியேறிய வயலின்

மறுநாள் ஷாங்காய்ப் பள்ளிப் பிள்ளைகளுடன் கூட்டு ஒத்திகை. அந்நகரத்திற்கு மேனாட்டுச் சங்கீதம் புதிதன்று. அங்குள்ள சிம்பனி வாத்தியக் குழுவின் தொடக்கம் 1879. இசைக்கல்லூரி ஏற்பட்டது 1927. அக்கல்லூரி மாணவர்களான ஹெ ஜான்ஹாவ், சென் காங் என்னும் இருவர் இயற்றி, 1959-இல் அரங்கேறியது ‘பட்டாம்பூச்சிக் காதலர்’ என்னும் வயலின் படைப்பு. ஆண்வேடம் பூண்டு கல்வி கற்கச் சென்ற பெண்ணும் அவளுடைய தோழனும் காதல் கைகூடாமல் மாண்டு, பட்டாம்பூச்சிகளாகப் பறந்த பழங்கதை அது. ஜெஜியாங் பகுதி இசை நாடகத்தின் மெட்டுகளை அதில் எடுத்தாண்டிருக்கிறார்கள். 1966-இல் தொடங்கிய கலாசாரப் புரட்சியின் ஆண்டுகளில் மேனாட்டுச் சங்கீதத்தோடு இதுவும் விலக்கப்பட்டிருந்தது. இன்று அந்நாட்டில் இதனை அறியாதவர் அரிது.

அதன் ஒரு பகுதியையே இரு நாட்டுக் குழந்தைகளும் சேர்ந்து வாசித்தார்கள். சீனத்து இரண்டு தந்தி வாத்தியமான எர்ஹுவில் விரலை இழைத்து வாசிப்பது போல, வயலினிலும் ஸ்வரத்துக்கு ஸ்வரம் இழைய வேண்டும். நம் பிள்ளைகளுக்கு முதலில் அது வரவில்லை. ஆசிரியர் ஓய்ந்த வேளையில், வீட்டில் கர்நாடக சங்கீதமும் கேட்டு வளர்ந்த எங்கள் மகள், “பாட்டி பாடும் கமகம் மாதிரி இழுங்கள்” என்றாள். பிடிபட்டுவிட்டது.

நாங்கள் எண்ணிப் பார்த்தோம். முத்துஸ்வாமி தீட்சிதரின் இளவல் பாலுஸ்வாமி தீட்சிதர் மேனாட்டாரிடம் வயலின் கற்று அதனை நம் சங்கீதத்திற்குக் கொணர்ந்தார். நாமும் அதனைத் தரையில் அமர்த்தி, சுருதியை மாற்றி, நம் பேச்சைப் பேச வைத்தோம். சீனர் தங்கள் பேச்சைக் கற்பித்தார்கள். பிறந்த ஊரை விட்டு வந்த வாத்தியம் போன இடமெல்லாம் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இது அந்நியமான செய்தியா?

நம் பையனுக்கு அருகே ஒரு சீனச் சிறுமி. இருவருக்கும் பொதுமொழி இல்லை. அவன் மீட்டு வந்த தாள்கள்தாம் அவர்களுக்கு நடுவே தாங்கியில் இருந்தன. வில்லை எங்கே மாற்றுவது என்று அவள் பென்சிலால் குறித்துக் கொடுத்தாள். அவன் பக்கங்களைத் திருப்பினான்.

கச்சேரியின் இறுதியில், 1951-இல் வெளிவந்து, அந்தப் பத்தாண்டிலேயே சீனத்திலும் திரையிடப்பட்ட ‘ஆவாரா’ படத்தின் தலைப்புப் பாட்டை வாசித்தார்கள். பின்வரிசையில் நரைத்த தலைகள் சில நிமிர்ந்தன. தாளம் போட்டார்கள், முணுமுணுக்கவும் செய்தார்கள். மேடையிலிருந்த குழந்தைகளுக்கு அதன் காரணம் விளங்கவில்லை, எங்களுக்கு விளங்கிற்று.

அன்பர்களுக்கு ஒரு வார்த்தை

இத்தகைய பொறுப்பை ஏற்போருக்கு எங்கள் வேண்டுகோள் சில. உள்ளூர் எழுத்தில் எழுதிய அட்டை ஒவ்வொரு குழந்தையின் பையிலும் இருக்கட்டும். பாஸ்போர்ட்டின் நகலாவது அவர்களிடம் இருக்கட்டும். யாரும் யாரிடமும் சொல்லாமல் நகரக்கூடாது என்பதை இருவர் இருவராக இணைத்துப் பழக்குங்கள். தவறு நேர்ந்தால் அன்றிரவே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். பெட்டியை எண்ணுவதற்கு முன்னால் பிள்ளையை எண்ணுங்கள்.

டில்லி விமான நிலையத்தில் இறங்கியபோது 23 என்று நான்கு முறை எண்ணினோம். வெளியே காத்திருந்த அந்தத் தாயார் மகனை அணைத்துக்கொண்ட பின், எங்களிடம் ஒரு பாத்திரத்தை நீட்டினார். உள்ளே எலுமிச்சை சாதம். “பத்து நாளாய் நீங்களும் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள்” என்றார்.