கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு தாடை

கண்ணாடிப் பக்கம் வாருங்கள். இன்னும் கொஞ்சம். மூக்கு ஒட்டினால் ஒட்டட்டும், வெட்கப்பட வேண்டாம்.

வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் 'ஃபாசில் லேப்' இது. வெளியே டைனோசார்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தவர்கள் இங்கே நேராகவே பார்க்கலாம். உள்ளே நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்தபடி சிலர். பாதிப் பேருக்குமேல் ஆசைக்காக வரும் தன்னார்வலர்கள்தான், சம்பளமெல்லாம் கிடையாது. முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கியவர்களுக்கு இந்த வேலை சட்டெனப் பிடிபடும். என்ன, இங்கே முறம் நிறையக் கல். அரிசியைத்தான் தேட வேண்டும்!

அப்படித் தேடியவர் சூசான் மெக்இன்டைர். 18 ஆண்டுகள் இந்த அறைக்கு வந்தவர். ஒருநாள் அவர் கையிலிருந்த பாறைத் துண்டுக்குள்ளிருந்து ஒரு தாடை எட்டிப் பார்த்தது. பொடித் தாடை. ஆனால் பற்கள் எலும்பிலேயே உட்கார்ந்திருந்தன. குதூகலமே அதற்குத்தான்! உதிரிப் பல் என்றால் மீனுடையதா, பல்லியுடையதா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். தாடையோடு கிடைத்தால் பாதி விலாசம் கைக்கு வந்த மாதிரி.

மீதி விலாசம்: டெரோசார்.

டைனோசார் என்று சொல்லிவிடாதீர்கள், இது பங்காளி வீடு. முதுகெலும்புள்ள விலங்குகளில் முதன்முதலில் சிறகடித்துப் பறந்த கூட்டம். பறவை, வௌவால் எல்லாம் வெகுகாலம் பிந்தி வந்தவை. உங்கள் மோதிர விரலைக் கொஞ்சம் பாருங்கள். அது மட்டும் கண்டபடி நீண்டு, அதன் நுனியிலிருந்து உடம்புவரை தோலை இழுத்துக் கட்டியிருந்தால்? அதுதான் டெரோசாரின் இறக்கை. சுண்டு விரலே கிடையாது. (அந்த விரலுக்கு மோதிரம் செய்ய எத்தனை பவுன் ஆகுமோ!)

பறக்க வேண்டுமென்றால் எடை குறைய வேண்டும். அதனால் எலும்பின் உள்ளே வெற்றிடம், சுவரோ மெல்லிசு. உயிரோடு இருக்கும்வரை வசதிதான். செத்த பிறகு அப்பளம்போல நொறுங்கிவிடும். ஆதி டெரோசார்களுக்கு இத்தனை பஞ்சம் அதனால்தான். கிடைத்தவற்றில் பெரும்பகுதி ஐரோப்பாவில், ஒருகாலத்தில் கடலடியாக இருந்த பாறைகளில். இத்தாலியின் பெர்கமோ பக்கம் கிடைத்து 1973இல் பெயர் வாங்கிய யூடிமார்ஃபோடான், 6 சென்டிமீட்டர் தாடையில் சுமார் 110 பற்களைத் திணித்து வைத்திருந்தது. பல் வைத்தியர் பார்த்தால் மயங்கி விழுவார்.

நம் தாடைக்காரர் கடலோரவாசி அல்ல. அரிசோனாவின் கல்மரக் காட்டுத் தேசியப் பூங்காவில் 2011இல் கண்ணில் பட்ட எலும்புப் படுகை அவருடைய ஊர். அந்தக் காலத்தில் அது பாஞ்சியா என்ற ஒற்றைக் கண்டத்தின் நடுவே, நிலநடுக்கோட்டை ஒட்டிய ஆற்றுப் பகுதி. வெள்ளம் வந்து, எரிமலைச் சாம்பல் கலந்த வண்டலில் எல்லாரையும் மூடிவிட்டது. சாம்பலை வைத்துக் கணக்கிட்ட வயது 20.9 கோடி ஆண்டுகள். வட அமெரிக்க டெரோசார்களில் இவர்தான் மூத்தவர்.

எலும்பெல்லாம் பொடிப்பொடியாக இருந்ததால் வெயிலில் உட்கார்ந்து பொறுக்கி மாளாது. மண்ணோடு மண்ணாகப் பெயர்த்து, மாவுக்கட்டுப் போட்டு (ஆமாம், கை முறிந்தால் போடுவோமே, அதேதான்!) ஆய்வகத்துக்குக் கொண்டு வந்தார்கள். கட்டைப் பிரிக்கப் பிரிக்க 1,200க்கும் மேற்பட்ட புதைபடிவங்கள்: தவளை, முள் கவசம் போட்ட ஆமை, மீன் செதில், கல்லாகிப்போன சாணம்கூட.

இப்போது மறுபடி அந்தப் பற்களைப் பாருங்கள். நுனி நன்றாகத் தேய்ந்திருக்கிறது. எலும்புச் செதில் போர்த்திய மீன்களைக் கடித்துத் தின்றிருக்க வேண்டும் என்கிறது பென் க்ளிக்மன் தலைமையிலான ஆய்வுக்குழு. செதில் உரிக்கப் பொறுமையில்லை போலும்.

2025இல் பெயர் சூட்டினார்கள்: ஈயோடெஃப்ராடாக்டிலஸ் மெக்இன்டைரியே. ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்களேன்! முன்பாதியில் கிரேக்க விடியல் தேவதையும் சாம்பலும் விரலும். பின்பாதியில் நம் சூசான். இவ்வளவு நீளப் பெயரைச் சுமந்த ஆசாமி, கடற்காகத்தின் அளவுதான்.

அதோ, உள்ளே யாரோ அடுத்த துண்டை நுண்ணோக்கிக்குக் கீழே நகர்த்துகிறார். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், உங்கள் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்குகிறது.