காலாண்டு லீவில் ஒரு காஞ்சிபுரம் வீடு... முட்டுக்காட்டில்!

காலாண்டு லீவும் நவராத்திரியும் நெருங்கி வரும் நேரம். காஞ்சிபுரத்திலிருந்து குழந்தைகளோடு மாமல்லபுரம் பக்கம் போகிறவர்கள், முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்கும் ஒரு நடை போய்வரலாம். 1996-ல் திறக்கப்பட்ட இந்த அருங்காட்சியகத்தில் தென்னிந்தியாவின் பழைய வீடுகள் நிற்கின்றன. அதில் ஒன்று, நம்மூர் பட்டு நெசவாளர் வீடு!

நம்மூர் வீட்டைப் பார்க்க அவ்வளவு தூரமா? பிள்ளைகள் தறியையே பார்க்காமல் வளர்கிறார்கள் என்றால், போகலாம். கோர்வைப் புடவையில் உடலுக்கும் இரண்டு கரைகளுக்குமாக மூன்று நாடா ஓடும். நெய்கிறவரின் கைக்கு எட்டாத கரைப் பக்கம் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். அந்தக் காலத்தில் பல வீடுகளில் அந்த ஆள், பள்ளிக்கூடம் போகாத ஒரு சிறுபிள்ளை. அப்படி உட்கார்ந்த தாத்தா வீட்டில் இருந்தால் அவரையும் கூட்டிப்போங்கள். அங்கே அவர்தான் கைடு!

செவ்வாய்க்கிழமை விடுமுறை.