பற்றை எரிபொருளாகும் விதம்

மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரையில், வவுணதீவைச் சூழ்ந்த வயல்களுக்கும் குளங்களுக்கும் இடையே மண்டும் பற்றைகளை வெட்டிய இடத்திலேயே எரித்துவிடுவது பழகிய முறையாகும். அந்த வெப்பத்தை நெல் புழுக்கும் ஆலையின் கொதிகலனுக்கு, அதாவது நீரை நீராவியாக்கும் மூடிய கலத்துக்கு, எடுத்துச்செல்ல இயலுமா என்பது, தாவரத்திலிருந்து நீரும் வெற்றிடமும் எவ்வளவு நீக்கப்படுகின்றன என்பதிலேயே தங்கியுள்ளது.

புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீராகும். அந்நீரின் ஒவ்வொரு கிலோகிராமும் ஆவியாகச் சுமார் 540 கிலோகலோரி வெப்பத்தை விழுங்குவதால், பச்சை விறகு புகைகிறதே தவிரச் சீராக எரிவதில்லை. ஆகவே தண்டுகள் சீவல்களாக்கப்பட்டு உலர்த்தப்படுகின்றன. கச்சான் காற்று வீசும் மாதங்கள் இதற்கு உகந்தவை. ஈரம் 10 சதவீதத்தை அண்மித்ததும் அவை தூளாக்கப்பட்டு, பிஸ்டனால் உருளை அச்சினுள் பேரழுத்தத்துடன் இடித்துத் தள்ளப்படுகின்றன. உராய்வின் சூட்டில், மரநார்களைப் பிணைக்கும் லிக்னின் என்னும் இயற்கைப் பொருள் இளகிப் பின் இறுகுவதால் வேறு பசை தேவைப்படுவதில்லை. இவ்வாறு உருவாகும் எரிகட்டி, அதாவது பிரிக்கெட், மேற்புறம் வழவழப்பாக மினுங்கும். முறித்தால், பிஸ்டனின் ஒவ்வோர் அடியும் சேர்த்த வில்லைகளாகப் பிரியும். நனைந்தால் ஊதி உதிர்ந்துவிடும் என்பதால் மாரிக்கு முன்பே கூரையடியில் சேர்க்கப்பட வேண்டும். ஒரு கிலோகிராம் எரிகட்டி சுமார் 4,000 கிலோகலோரி வெப்பம் தருவதால், உலை எண்ணெயின் ஒரு கிலோகிராமுக்கு ஈடாக இரண்டரைக் கிலோகிராம் வேண்டும்.

நமீபியாவில் முட்புதர் மூடிய புல்வெளிகளை மீட்பதற்காகச் சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு நிதியம் புதர்களை வெட்டி எரிகட்டியாக்கி விற்கிறது. தமிழ்நாட்டின் இராமநாதபுரத்தில், 1877 அளவில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட சீமைக் கருவேலம் விறகாகவும் கரியாகவும் பயன்படுகிறது. இலங்கையின் புந்தல தேசியப் பூங்காவிலும் அதே மரம் பரவியுள்ளது. வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தளிர்க்கும் அம்மரம் வருமானம் தரத் தொடங்கியதும், அதை வேரோடு அகற்றும் முனைப்பு குன்றி, களையே பயிராகிவிடும் ஆபத்து எழுகிறது.

இதற்கு எதிர்மாறான ஆபத்தும் உண்டு. எரிகட்டி இயந்திரத்துக்குத் தீனி போதாதபோது, அத்துமீறிப் பரவிய செடிகளோடு நிற்காமல், யானைகளுக்கு உணவும் மறைவும் தரும் இயற்கைப் பற்றைக்காடும் வெட்டப்படலாம். எனவே படுவான்கரை போன்ற நெல் விளையும் நிலத்தில் ஆண்டுதோறும் கிடைக்கும் உமியே கொதிகலனின் அடிப்படை எரிபொருளாக இருப்பதும், அகற்றியே ஆகவேண்டிய பற்றையின் அளவைக் கணித்த பின்னரே எரிகட்டி இயந்திரத்தின் கொள்ளளவு தீர்மானிக்கப்படுவதும் அவசியமாகும்.