பிள்ளை பட்டம் வாங்கினால் போதுமா? தலைமை தாங்கப் பழக வேண்டாமா?



பெரட்டுக்கு நின்று பழகியவர்களுக்குத் தலைமை என்றால் என்னவென்று எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அதிகாலை இருட்டில் பெயர் கூப்பிடும் தண்டல் நல்லவராக வாய்த்தால் அன்றைய பொழுது ஒரு விதம். வேறு மாதிரி வாய்த்தால் வேறு விதம். அதே மரம், அதே மங்கு, அதே வாளிதான். ஆனாலும், காய்ச்சலோடு வந்து நிற்கும் பெண்ணைப் பார்த்து, "மருந்து வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போம்மா" என்று சொல்கிறவரின் கீழ் வேலை செய்வதும், பால் குறைந்துவிட்டதென்று பத்துப் பேர் நடுவில் ஏசுகிறவரின் கீழ் வேலை செய்வதும் ஒன்றாகுமா?

பல்கலைக்கழகமும் அப்படித்தான். கட்டடம் ஒன்றுதான், பாடப் புத்தகமும் ஒன்றுதான். தலைமை எப்படியோ, அப்படியே அங்குள்ள வாழ்வும் அமைகிறது. 'மன்னன் எவ்வழி, மக்கள் அவ்வழி' என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

இதை இப்போது எடுத்துப் பேசக் காரணம் உண்டு. பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து, பெட்டி கட்டும் வேளையில், நம் வீடுகளில் அப்பாமார் சொல்லும் புத்திமதி ஒன்றுதான். "படிப்பு உண்டு, நீ உண்டுன்னு இரு. சங்கம் கிங்கம்னு எதுலயும் தலையைக் கொடுக்காதே." அன்பினால் சொல்லும் சொல்தான். ஆனால் அது சரியான புத்திமதிதானா? கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம்.

வாசலுக்கு வெளியே நின்ற தலைவர்

மலாயாப் பல்கலைக்கழகம் 1949ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் சிங்கப்பூரில் பிறந்தது. மருத்துவக் கல்லூரி ஒன்றும் ராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து உருவான பல்கலைக்கழகம் அது. அங்கே இந்திய இயலுக்கு ஒரு துறை வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, சமஸ்கிருதத்துக்கே அதில் முதலிடம் தரவேண்டும் என்று ஒரு யோசனையும் வந்தது.

இந்த நாட்டு இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் பேசுவது தமிழ். அந்தத் தமிழ் பின்வரிசையில் உட்காருவதா என்று கேட்டு எழுந்தார் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி. திருவாரூரில் பிறந்து, 1924இல் சிங்கப்பூர் வந்து, 1935இல் 'தமிழ் முரசு' ஏட்டைத் தொடங்கியவர் அவர். பல்கலைக்கழகத்தில் அவருக்கு ஒரு நாற்காலியும் கிடையாது, பதவியும் கிடையாது. கையில் இருந்தது ஒரு பத்திரிகை மட்டுமே.

தமிழுக்கே முதலிடம் வேண்டும் என்று எழுதினார், பேசினார். அதோடு நிறுத்தவில்லை. பல்கலைக்கழகத்தில் தமிழ் வாழ நூல்கள் வேண்டுமே! 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். பெரும் பணக்காரர்களை மட்டும் நம்பித் தொடங்கிய நிதியல்ல அது. வெள்ளி வெள்ளியாகச் சேர்ந்த பணம். நாள் சம்பளத்துக்கு மரம் வெட்டிய எளிய தமிழர்களின் காசும் அதில் கலந்தது.

1956இல் இந்திய இயல் துறை தொடங்கியது. தமிழே அதன் முதன்மை மொழியாயிற்று. பின்னர் கோலாலம்பூரில் பல்கலைக்கழகம் எழுந்தபோது துறையும் இங்கு வந்து சேர்ந்தது.

நம் பாட்டன் பாட்டிமார் பலர் பல்கலைக்கழக வாசலையே கண்டதில்லை. என்றாலும், அதன் நூலகத்தில் தமிழ் நூல் அடுக்க அவர்கள் தலைமுறை பணம் கொடுத்தது. கொடுக்கவைத்தது ஒரு மனிதரின் தலைமை.

அதே சாரங்கபாணி தம் ஏட்டில் மாணவர்களுக்கென்று 'மாணவர் மணிமன்றம்' என்ற பகுதியை நடத்தினார். அதன் வழியே மணிமன்றங்கள் பட்டணங்களிலும் தோட்டங்களிலும் முளைத்தன. மேடை ஏறிப் பேசவும், கூட்டம் நடத்தவும் நம் இளைஞர்கள் பலர் கற்றுக்கொண்ட முதல் பள்ளி அதுதான்.

வகுப்பறைக்குள் ஒரு தலைவர்

துறை பிறந்தால் மட்டும் போதுமா? அதை நடத்த ஆள் வேண்டுமே! 1961இல் அத்துறைக்கு வந்து தலைமை ஏற்றவர் சேவியர் தனிநாயகம் அடிகளார். 1913இல் யாழ்ப்பாணத்துப் பக்கம் பிறந்த கத்தோலிக்கத் துறவி. அவர் வாழ்வில் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ரோம் வரை சென்று சமயக் கல்வி பெற்ற அவர், தமிழை ஆழ்ந்து கற்கத் தொடங்கியது பள்ளி ஆசிரியராக இருந்தபோதுதான். முப்பது வயதைக் கடந்த பிறகு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மறுபடியும் மாணவராகப் போய் உட்கார்ந்தார். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு கற்கிறவரே பிறகு மற்றவருக்கு வழிகாட்ட முடியும்.

கோலாலம்பூருக்கு வந்தவர் வகுப்பு எடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடவில்லை. உலகத்தின் பல நாடுகளில் தமிழை ஆராய்வோரை ஒன்றுசேர்க்க 1964இல் தில்லியில் ஓர் ஆராய்ச்சி மன்றம் அமையக் காரணமாக இருந்தார். அதன் முதல் உலகத் தமிழ் மாநாட்டை 1966 ஏப்ரலில் கூட்டினார். எங்கே? சென்னையில் அல்ல, மதுரையிலும் அல்ல. நம் கோலாலம்பூரில்! சென்னைக்கு இரண்டாவது முறைதான், 1968இல், கிடைத்தது. அதே 1966இல், 1679ஆம் ஆண்டு அச்சான தமிழ்-போர்ச்சுகீசிய அகராதியை இந்தத் துறையின் வழியாகவே மறுபதிப்பாகக் கொண்டுவந்தார்.

அன்று அத்துறையில் படித்த மாணவன் எப்படி உணர்ந்திருப்பான் என்று எண்ணிப் பாருங்கள். 'கூலிக்காரன் பாஷை' என்று பட்டணத்தில் சிலர் இளக்காரமாகப் பேசிய மொழியை, பிற நாட்டு அறிஞர்கள் கப்பலும் விமானமும் ஏறி வந்து அவன் ஊரிலேயே ஆராய்கிறார்கள். அவன் முதுகு தானாக நிமிராதா? நல்ல தலைமை மாணவனுக்குக் கொடுக்கும் முதல் செல்வம் இதுவே.

அடிகளார் 1969இல் இங்கிருந்து சென்றார், 1980இல் மறைந்தார். அவர் கட்டி எழுப்பிய துறையோ தொடர்ந்து பட்டதாரிகளை உருவாக்கியது. தலைவன் போன பிறகும் வேலை நடந்தால், அதுவே அவன் நல்ல தலைவன் என்பதற்குச் சாட்சி.

துணைவேந்தர் நாற்காலி

பல்கலைக்கழகத்துக்கு வேந்தர் என்று ஒருவர் உண்டு. அது மரியாதைக்குரிய பதவி. அன்றாட நிர்வாகத்தின் தலைவர் துணைவேந்தரே. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1968 முதல் 1988 வரை, இருபது ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தவர் உங்கு அப்துல் அஜீஸ். இந்த நாட்டவர் ஒருவர் அந்தப் பதவிக்கு வந்தது அவரிலிருந்துதான்.

பொருளாதாரப் பேராசிரியரான அவர் ஆராய்ந்தது ஏழைகளின் வாழ்வை. ஒரு வீட்டின் வறுமையை அளக்க, அங்கே எத்தனை பேர், எத்தனை கைலி என்று எண்ணிப் பார்க்கலாம் என்றார். ஏட்டுப் படிப்பு ஏழை வீட்டுக் கொடிக்கயிறு வரை வந்து பார்த்தது! ஹஜ் பயணத்துக்காகக் கிராமத்து மக்கள் நிலத்தையும் மாட்டையும் விற்று வறுமையில் விழாதிருக்க, ஒரு சேமிப்புத் திட்டம் வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்த யோசனையிலிருந்தே 1963இல் அதற்கான நிறுவனம் பிறந்தது. கூட்டுறவு இயக்கத்தையும் பல ஆண்டுகள் வழிநடத்தினார். பல்கலைக்கழகத்தில் கற்கும் அறிவு வெளியே மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்பதற்கு அவரே எடுத்துக்காட்டு.

அப்பாவின் அச்சம் எங்கிருந்து வந்தது?

அவர் காலத்திலேயே ஒரு பெரிய மோதலும் நடந்தது. 1974இல் ரப்பர் விலை சரிந்தது. விலை சரிந்தால் அடுப்பு என்ன ஆகும் என்று உங்களுக்கா சொல்ல வேண்டும்? கெடா மாநிலத்துப் பாலிங் வட்டாரத்துச் சிறுதோட்டக்காரர்கள் பசி தாளாமல் ஊர்வலம் போனார்கள். அவர்களுக்காகக் கோலாலம்பூரில் டிசம்பர் 3ஆம் நாள் பல்கலைக்கழக மாணவர்கள் திடலில் கூடினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கைதானார்கள்.

வறுமையை ஆராய்ந்தவர் துணைவேந்தர் நாற்காலியில். வறுமைக்காகக் குரல் கொடுத்தவர்கள் லாரியில். இரண்டு விதத் தலைமையும் எதிரெதிராக நின்ற வேதனையான நேரம் அது.

1971இல் வந்திருந்த பல்கலைக்கழகச் சட்டம் 1975இல் மேலும் இறுக்கப்பட்டது. மாணவர் அமைப்புகளின் பணமும் அதிகாரமும் நிர்வாகத்தின் கைக்குப் போயின. மாணவர்கள் அரசியல் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்றாயிற்று. "எதுலயும் தலையைக் கொடுக்காதே" என்ற புத்திமதி நம் வீடுகளில் வேர்விட்டதற்கு இதுவும் ஒரு காரணம். படிக்கப்போன பிள்ளை படிப்பை இழந்து வந்து நின்றால் ஏழைக் குடும்பம் என்ன செய்யும்? அப்பாவின் அச்சம் நியாயமானதே.

ஆனால் காலம் அப்படியே நிற்கவில்லை. 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் ஒரு பிரிவு அரசியல் அமைப்புக்கு ஒவ்வாதது என்று தீர்ப்பளித்தது. 2012இல் சட்டம் திருத்தப்பட்டு, மாணவர்கள் கட்சியில் சேர இடம் கிடைத்தது. 2018இல் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருந்த அரசியல் தடையும் நீக்கப்பட்டது. சட்டம் தளர்ந்துவிட்டது, நம் அச்சம் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கலாமா?

பிள்ளையிடம் என்ன சொல்லலாம்?

கட்சியில் சேரச் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது அவரவர் விருப்பம். தமிழ்ப் பேரவை இருக்கிறது. விடுதிக் குழு இருக்கிறது. விளையாட்டு மன்றம் இருக்கிறது. அவற்றில் ஏதாவது ஒன்றில் ஒரு பொறுப்பை ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். தலைவர் பதவிதான் வேண்டும் என்பதில்லை. கூட்டக் குறிப்பு எழுதட்டும். கணக்கு வைக்கட்டும். மண்டபம் கேட்டு நிர்வாகத்துக்கு நல்ல மலாயில் கடிதம் எழுதட்டும். தன்னோடு ஒத்துப்போகாத நாலு பேரை வைத்துக்கொண்டு ஒரு காரியத்தை முடித்துக் காட்டட்டும். இவை எந்த விரிவுரையிலும் கிடைக்காத பாடங்கள். வேலைக்கு நேர்முகத் தேர்வில் போய் உட்காரும்போது, இந்தப் பழக்கமே வாயைத் திறக்க வைக்கும்.

இன்னொன்றும் சொல்லுங்கள். புதிய மாணவர் பல்கலைக்கழகத்தில் முதலில் சந்திப்பது துணைவேந்தரை அல்ல, மூத்த மாணவரைத்தான். ராகிங் என்ற பெயரில் அவமானப்படுத்துகிற மூத்தவரும் உண்டு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறையைக் காட்டுகிற மூத்தவரும் உண்டு. அடுத்த ஆண்டு உங்கள் பிள்ளையே மூத்தவர். "நீ எந்தத் தண்டலாக இருக்கப்போகிறாய்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வி நம் பிள்ளைகளுக்கு நன்றாகவே புரியும்.

எந்தத் தலைவர் பின்னால் போகலாம் என்று பிள்ளை கேட்டால், மூன்று கேள்விகளைச் சொல்லிக் கொடுங்கள். வசூலித்த பணத்துக்குக் கணக்குக் காட்டுகிறாரா? எதிர்த்துப் பேசுகிறவரையும் பேச விடுகிறாரா? தனக்குப் பின் வர இன்னொருவரைப் பழக்குகிறாரா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் துணிந்து போகலாம். ஒன்றுக்கும் இல்லையென்றால், எவ்வளவு அழகாக மேடையில் பேசினாலும் விலகி நிற்பதே நல்லது.

விடுமுறையில் பிள்ளை வீடு வரும்போது, தோட்டத்தில் இருந்தாலும் சரி, பட்டணத்து அடுக்குமாடியில் இருந்தாலும் சரி, அக்கம்பக்கத்துச் சிறுவர்களைக் கோயில் மண்டபத்தில் கூட்டி நாலு கணக்குச் சொல்லித்தரச் செய்யுங்கள். பல்கலைக்கழகத்துக்கு எப்படி மனுப் போடுவது என்று அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு எடுத்துச் சொல்லட்டும். பெரிய தலைமை இப்படிச் சின்ன வேலையில்தான் தொடங்குகிறது.

அன்று நாள் சம்பளக்காரர்கள் வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தது, நம் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு படித்து, ஒரு சான்றிதழோடு திரும்பி வருவதற்கு மட்டும் அல்ல. ஆகவே, பெற்றோர்களே, அடுத்த முறை பெட்டி கட்டும்போது அந்தப் பழைய புத்திமதியைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லுங்கள்: "நல்லாப் படி. நாலு பேருக்கு உதவியா முன்னால நில்லு. அப்பா அம்மா இருக்கோம், பயப்படாதே."